முப்பது நாள்

போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு ஏலம் புதிதல்ல. ஸ்பைசஸ் போர்டு மின் ஏலத்தில் விலை படிந்து பணத்தைக் கட்டிவிட்டால், ஏலக்காய் மூட்டை உங்களுடையது. அதோடு கதை முடிந்தது.

அரசு பாக்கிக்காக ஏலம் போகும் நிலத்தின் கதை அப்படி முடிவதில்லை. குரங்கணிச் சரிவில் காபித் தோட்டமானாலும், போடி டவுனில் கடையானாலும், 1864-ம் வருடத்து வருவாய் வசூல் சட்டம்தான் தமிழ்நாட்டில் இன்றும் பேசுகிறது. ஏலம் நடந்த 30 நாளுக்குள் பாக்கி, வட்டி, செலவு, கூடவே ஏலத் தொகையில் 5 சதவிகிதம் இவற்றை நிலத்துக்காரர் தாலுகா கருவூலத்தில் கட்டினால், விற்பனையை ரத்து செய்யக் கேட்கலாம். நிலம் அவருக்கு. அந்த 5 சதவிகிதம் ஏலம் எடுத்தவருக்கு.

‘அப்போ எடுத்தவன் இளிச்சவாயனா சார்?’ என்று கொதிக்கிறார்கள் ‘முதலீட்டாளர்கள்’. பத்து லட்சத்துக்கு எடுத்தவருக்குக் கட்டிய பணமும் திரும்பி வரும், மேலே ஐம்பதாயிரமும் வரும். ஒரே மாதத்தில் எந்த பேங்க் இப்படித் தருகிறது, சொல்லுங்கள்?

உண்மையில் ஏமாறுவது யார்? ஏலக்காய் விலை விழுந்த வருஷம் பாக்கி வைத்துவிட்டு, இந்த 30 நாள் இருப்பதே தெரியாமல் 31-வது நாள் தாலுகா ஆபீஸ் படியேறுகிறவர்தான்.

ஏல நோட்டீஸில் ஏலத் தேதி எவ்வளவு பெரிய எழுத்தில் இருக்கிறதோ, மீட்பதற்கான கடைசித் தேதியும் அவ்வளவு பெரிதாக, புரிகிற தமிழில் இருக்க வேண்டும். மலிவு நிலம் தேடிப் போகும் நீங்களும் உரியவரிடம் அந்தத் தேதியைச் சொல்லுங்கள். அதன் பிறகும் அவரால் முடியாவிட்டால், தாராளமாக வாங்குங்கள்.