ஒரு வரித் திருத்தமும் விஞ்ஞானப் பணியே

சில ஆண்டுகளுக்கு முன் யான் மொழிபெயர்த்த இரசாயனக் கட்டுரை ஒன்றில், 'கரைசல்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'தீர்வு' என எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில் 'சொல்யூஷன்' என்னும் ஒரே சொல் இரு பொருளையும் தருவதால் நேர்ந்த பிழை அது. சித்தூரிலிருந்து ஆசிரியர் ஒருவர் அஞ்சலட்டை வரைந்தார். பக்கம், வரி, பிழையான சொல், சரியான சொல், அதற்குரிய காரணம் ஆகிய ஐந்தும் அதில் இருந்தன, வேறொன்றும் இல்லை. மறு அச்சில் பிழை நீங்கிற்று.

திருப்பதியில் பொறியியல் பயிலும் உறவினர் மகன், 'கிட்' என்னும் மென்பொருளுக்குத் தான் அனுப்பிய திருத்தத்தை அண்மையில் காட்டியபோது அந்த அஞ்சலட்டையே நினைவிற்கு வந்தது. நிரல்களில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்பொழுது, எதன்பொருட்டுச் செய்தார் என்னும் குறிப்புடன் காத்துவைக்கும் கருவி கிட். லினக்ஸ் பணிக்கென 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் இதனைத் தொடங்கினார். அவ்வாண்டு ஜூலையில் பராமரிப்புப் பொறுப்பை ஜூனியோ ஹமானோ ஏற்றார். மூலநிரல் யாவர்க்கும் திறந்திருப்பதால், பிழை கண்டவர் எவரும் 'பேட்ச்' எனப்படும் திருத்தத்தை அனுப்பலாம்.

பேட்சின் அமைப்பு எளியது. நீக்கும் வரிக்கு முன் கழித்தற்குறி. சேர்க்கும் வரிக்கு முன் கூட்டற்குறி. மேலே தலைப்பு வரியும், மாற்றம் ஏன் வேண்டும் என்ற விளக்கமும். அடியில், இதனை அளிக்கும் உரிமை தமக்கு உண்டு என்னும் உறுதிமொழி. மாணவன் மாற்றியது, பயன்படுத்துவோருக்குக் காட்டப்படும் செய்தி ஒன்றின் ஒரே வரி. விளக்கமோ பன்னிரண்டு வரி. செய்தி மாறினால் அதனைச் சரிபார்க்கும் சோதனை நிரலும் மாறவேண்டும் என்பதை அவன் முதலில் எண்ணவில்லை. இருமுறை ஆட்சேபம் எழுந்தது, மும்முறை எழுதினான்.

இவ்வுழைப்புக்கு அவன் கல்லூரியில் மதிப்பெண் இல்லை. பெருந்தலைப்பிட்டு ஆண்டிறுதியில் அலமாரியில் உறங்கும் செயல்திட்டத்திற்கே மதிப்பெண் உண்டு. இம்முறை மாறவேண்டும் என்பது என் கருத்து.

மதிப்பெண் வைத்தால் குப்பை பெருகுமே எனச் சிலர் அஞ்சுவர். அச்சம் நியாயமானதே. 2020 அக்டோபரில் 'ஹாக்டோபர்ஃபெஸ்ட்' நிகழ்ச்சியில், நான்கு திருத்தங்களுக்குச் சட்டை பரிசு என்றதும் பொருளற்ற மாற்றங்கள் குவிந்தன. பராமரிப்போர் முறையிடவே, இசைவு தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்புபவை மட்டுமே கணக்கிற் கொள்ளப்படும் என நிகழ்ச்சியின் இடையிலேயே விதி மாற்றப்பட்டது. குற்றம் திருத்தத்தின் சிறுமையில் இல்லை; எண்ணிக்கைக்குப் பரிசளித்ததில் உள்ளது. கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தின்கீழ் கிட்டில் பணியாற்ற விழைவோர், முன்னதாக ஒரு சிறு திருத்தம் செய்து காட்டவேண்டும். ஒன்று போதும், எண்ணிக்கையன்று, தரமே வேண்டும் என்பது அங்குள்ள நெறி.

திருப்பதியில் 1954 முதல் ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக்கழகமும், 2015 முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இயங்குகின்றன. சித்தூர் வட்டாரத்திலும் பொறியியற் கல்லூரிகள் பல உள. தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் இப்பகுதி மாணாக்கர், ஒரு சொல் இருபொருள் படுவதை எளிதில் உணர்வர். ஒவ்வொருவரும் பருவத்திற்கு ஒரு திருத்தம் செய்யட்டும். அஃது ஏற்கப்பட்டதா என்பதை விடுத்து, எழுதிய காரணத்தையும் ஆட்சேபத்திற்கு இறுத்த விடையையும் ஆசிரியர் மதிப்பிடட்டும். பிழையைக் காட்டி, காரணம் கூறி, மறுப்பைப் பொறுத்து மீண்டும் எழுதும் பழக்கமே விஞ்ஞானப் பயிற்சி. கல்வித்துறையினர் இதனைக் கருத்திற் கொள்வாராக.