ஓடுவது என் கால். உறுத்துவது யார் கண்ணை?

நம் பாட்டிமார் காலத்தில் ஒரே ஒரு கேள்விதான் பெண்பிள்ளைகளைக் கட்டிப் போட்டது: "லயத்துல நாலு பேரு என்ன பேசுவாங்க?" இன்று லயங்கள் பலவற்றை இடித்துச் செம்பனை நட்டாகிவிட்டது. தோட்ட மக்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் குடிபெயர்ந்துவிட்டார்கள். ஆனால் அந்த நாலு பேர் மட்டும் எங்கும் போகவில்லை. நம் கைப்பேசிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கும் நமக்கு, அந்த நாலு பேரில் ஒருவர் நாளைய மேலாளராகவும் இருக்கலாம் என்பதுதான் புதிய சங்கடம்.

நான் ஓடுகிறவள். போட்டி வீராங்கனை அல்லள். தமிழ்ப்பள்ளியில் நீல இல்லத்துக்காக ஓடி மூன்றாவதாக வந்ததும், இடைநிலைப்பள்ளியில் ஆண்டுதோறும் 'மெரெந்தாஸ் டேசா'வில் வியர்த்து ஒழுகியதும்தான் என் விளையாட்டு வரலாறு. பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகுதான் ஓட்டம் பழக்கமாயிற்று. விடுமுறையில் ஈப்போ திரும்பினால், வாரத்தில் மூன்று நாள் விடியலில் போலோ திடல். ஞாயிற்றுக்கிழமை மெங்லெம்புவிலிருந்து கிளேடாங் மலை. எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று படவரியில் ஒரு படத்தோடு போடுவேன். வியர்வை வழியும் முகம், சில நாள் பின்னால் பனிமூட்டத்தில் சுண்ணாம்புக் குன்றுகள். அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு தொழிற்பயிற்சிக்காக ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். மூன்றாவது வாரத்தில் யாரோ என் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து தேநீர் வேளையில் நான்தான் பலகாரம்! "தங்கச்சி, காலையில பத்துக் கிலோமீட்டர் ஓடிட்டு வந்தா இங்க தூக்கம் வராதா?" "வெயில்ல ஓடி ஓடிக் கறுத்துப் போறியே, வீட்டுல ஒண்ணும் சொல்லலையா?" "இந்தப் படத்தையெல்லாம் உன் மாமா, சித்தப்பா பார்க்க மாட்டாங்களா?" இத்தனைக்கும் நான் போடுவது கணுக்கால் வரை நீண்ட காற்சட்டையும் தொளதொளத்த டி-சட்டையும்தான். ஒரு மலாய்க்கார அக்கா மட்டும் எந்தக் காலணி வாங்கினால் முழங்கால் வலிக்காது என்று கேட்டார். அவருக்கு என் நன்றி.

அதே அலுவலகத்தில் என்னோடு பயிற்சிக்கு வந்த ஒரு பையனும் இருந்தான். உடற்பயிற்சிக் கூடத்தில் சட்டையில்லாமல் நின்று எடுத்த படத்தைப் போடுவான். "செம்ம பாடிடா தம்பி" என்று தோளில் தட்டிவிட்டுப் போவார்கள். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த உடம்பு சும்மா வந்ததல்ல, உழைத்தது. ஆனால் அவன் காலையில் பளு தூக்கிவிட்டு வருவதால் அலுவலகத்தில் தூங்கிவிழுவானா என்று ஒருவர்கூடக் கவலைப்படவில்லை.

அங்கிருந்த மூத்த அக்கா ஒருவர், என்மீது உண்மையான அக்கறையோடு, தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "மேல இருக்கிறவங்களும் பார்ப்பாங்கம்மா. கடைசியில மதிப்பீட்டுப் பாரத்துல ஏதாவது எழுதிட்டா உன் பட்டத்துக்குத்தானே கஷ்டம்? பேசாம அழிச்சிடு." அன்றிரவு அழிக்கலாமா என்று நிச்சயமாக யோசித்தேன். அந்தப் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன்.

வெளியுலகில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவில் இரத்தநாள அறுவை மருத்துவத்துக்கான ஓர் ஆய்விதழ், பயிற்சி முடித்த இளம் மருத்துவர்கள் 480 பேரைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டது. ஆய்வாளர்கள் இதற்கென்றே கணக்குத் திறந்து, அந்த மருத்துவர்களின் சமூக ஊடகப் பக்கங்களைத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். 235 பேரின் பக்கங்கள் அகப்பட்டன. 'தொழிலுக்குப் பொருந்தாதவை' என்று அவர்கள் போட்ட பட்டியலில் மதுக்கோப்பையும் அரசியல் கருத்தும் மட்டுமல்லாமல் நீச்சலுடைப் படமும் இடம்பெற்றது. 2020 ஜூலையில் செய்தி பரவியதும், உலகெங்கும் பெண் மருத்துவர்கள் கடற்கரையிலும் நீச்சல் குளத்திலும் எடுத்த தங்கள் படங்களை வேண்டுமென்றே வெளியிட்டார்கள். இதழ் அம்மாதமே கட்டுரையைத் திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டது. அந்த மருத்துவர்களின் கையில் கத்தி நடுங்குகிறதா, தையல் பிரிகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. ஓய்வு நாளில் என்ன உடுத்தினார்கள் என்று பார்த்தார்கள். படித்தவர்கள், அதுவும் உடலைப் பற்றியே படித்தவர்கள், சக தொழிலரை அளந்த அளவுகோல் இது! ஈப்போவின் ஒரு சிறிய அலுவலகத்துத் தேநீர் மேசையை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

இன்னொன்றையும் கவனித்தேன். பதவி உயர உயர இந்தப் பேச்சு மாறிவிடுகிறது. தமிழ்நாட்டில் 2021 ஜூலை முதல் 2023 ஜூன் வரை காவல்துறைத் தலைமை இயக்குநராக இருந்த சைலேந்திர பாபு, மிதிவண்டிப் பயணங்களையும் உடற்பயிற்சியையும் காணொலியாகப் போட்டுக்கொண்டே இருந்தார். ஊரே கைதட்டியது. அங்கே 2021இல் சுகாதார அமைச்சரான மா. சுப்பிரமணியன் நெடுந்தூர ஓட்டக்காரர். அவர் ஓடும் படம் செய்தியாகிறது. "அமைச்சருக்கு வேலையில்லையா?" என்று கேட்பவர் இருக்கலாம்; "கறுத்துப் போயிட்டீங்களே ஐயா" என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். மேலே இருப்பவர் ஓடினால் முன்மாதிரி. கீழே இருப்பவள் ஓடினால் விளம்பரம். செய்வதென்னவோ ஒரே வேலைதான்.

நம் பேராக்கில் இதற்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. கோலகங்சாரில் பிறந்த மணி ஜெகதீசன் மருத்துவம் படித்துக்கொண்டே ஓடியவர். 1966இல் பேங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், அஞ்சல் ஓட்டம் என மூன்று தங்கம். 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை முறியடிக்க 2017 வரை ஆளில்லை. 'பறக்கும் மருத்துவர்' என்ற பெயரோடுதான் பின்னாளில் சுகாதார அமைச்சிலும் உயர் பதவி வகித்தார். ஓட்டம் அவருடைய மருத்துவத்தைக் குறைத்துவிட்டதா? தாப்பாவிலிருந்து வந்த எம். ராஜாமணி 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காக ஓடினார். 1966 ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வென்றார். அறுபதுகளில், ஒரு தமிழ்ப்பெண், அரைக்கால் சட்டையில், நாடே பார்க்க! நம் பாடநூல்களில் இவரைப் பற்றி இன்னும் பெரிதாக எழுதியிருக்கலாம் என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

சரி, இவர்களெல்லாம் வெற்றியாளர்கள். மூன்றாவதாக வந்த நான் எதற்குப் படம் போட வேண்டும்? "ஓடு, யார் வேண்டாம் என்றது? ஊருக்கு ஏன் காட்ட வேண்டும்?" என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். எனக்கு எதிராக எழுந்த கேள்விகளில் நேர்மையானது இது ஒன்றுதான். பாராட்டு வந்தால் இனிக்கத்தான் செய்கிறது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் காரணம் அது மட்டுமன்று.

என் பாட்டி சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி, பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டு, பெரட்டுக்கு நின்று, உளியோடு நிரையில் இறங்கினால் ஐந்நூறு மரத்துக்குக் குறையாது. பிறகு காண்டாவில் இரண்டு வாளிப் பாலைத் தோளில் சுமந்து மேடும் பள்ளமுமாய் ஸ்டோர் வரை நடை. உடற்பயிற்சி என்ற சொல்லே அவருக்குத் தேவைப்படவில்லை. தோட்டம் கைமாறி, கித்தா மரங்கள் சாய்ந்து, குடும்பம் பட்டணத்து மலிவு விலை வீட்டுக்கு வந்ததும் நடை நின்றது. சோறு மட்டும் நிற்கவில்லை. தோட்டத்தில் தின்ற அதே அளவுச் சோறு, அதே இனிப்புத் தேநீர், எதிரே தொலைக்காட்சித் தொடர். சில ஆண்டுகளில் இனிப்பு நீர். காலில் வந்த ஒரு சிறு புண் ஆறவேயில்லை. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு ஐந்நூறு மரத்தைச் சுற்றி வந்த கால் அது.

இது என் வீட்டுக் கதை மட்டுமா? 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, நம் நாட்டில் 18 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் கல்யாணப் பந்தியில் மூன்று பேர்! தசை வேலை செய்யும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்கிறது. அதற்கு இன்சுலினின் தயவு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது, கணக்குப் பார்த்தால் நாளொன்றுக்கு அரைமணி நேரம்கூட இல்லை. ஆனால் இந்தச் செய்தியைச் சுவரொட்டியில் பார்த்து எழுந்து நடந்தவரை நான் கண்டதில்லை. தெரிந்தவர் நடந்தால் நடப்பார்கள்.

என் படங்களைப் பார்த்துப் பழைய தோட்டத்து அத்தை ஒருவர் புலனத்தில் குரல் செய்தி அனுப்பினார். "யம்மாடி, நீ ஓடுறியே, அந்த மாதிரி என்னால முடியாது. சும்மா நடந்தா போதுமா?" போதும் என்றேன். இப்போது தாமான் திடலை மாலையில் நான்கு சுற்றுச் சுற்றுகிறார். சேலையில்தான், பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பழைய வெள்ளைக் காலணியோடு. அவரைப் பார்த்து இன்னும் இருவர் சேர்ந்திருக்கிறார்கள். என் பாட்டிக்கோ நான் படம் போடுவதில் உடன்பாடு கிடையாது. காரணம் மானம் மரியாதை அல்ல. "கண்ணு பட்டுடும் புள்ள" என்கிறார். கால் போனவர் பேரப்பிள்ளையின் காலுக்குத் திருஷ்டி சுற்றிப் போடுகிறார். அந்தப் பயத்தோடு எனக்குச் சண்டையில்லை.

அதற்காக எதையும் எப்படியும் போடலாம் என்று வாதாட வரவில்லை. எங்கே, எத்தனை மணிக்கு, எந்த வழியில் ஓடுகிறோம் என்பது பெண்ணுக்கு விளையாட்டான தகவல் அன்று. ஓடுவோரின் தடங்களைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலி, பயனர்களின் தடங்களையெல்லாம் சேர்த்து 2017 நவம்பரில் ஓர் உலக வரைபடம் வெளியிட்டது. 2018 ஜனவரியில் நேதன் ரூசர் என்ற ஆஸ்திரேலிய மாணவர் அதை உற்றுப் பார்த்தார். இராணுவ முகாம்களின் உள்பாதைகள்கூட அதில் பளிச்சென்று தெரிந்தன. முகாமைச் சுற்றி ஓடிய படைவீரர்கள் தாங்களே வரைந்து கொடுத்த படம்! முகாமுக்கே அந்தக் கதி என்றால் நம் வீட்டு வாசல் எம்மாத்திரம்? ஆகவே தடத்தின் தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கும் வசதியை முடுக்கிவிட்டுத்தான் ஓடுகிறேன். படம் வீடு திரும்பிய பிறகே ஏறும். இந்த எச்சரிக்கையை எந்த அலுவலக அக்காவும் எனக்குச் சொல்லவில்லை. கறுத்துப் போவதைப் பற்றித்தான் சொன்னார்கள்.

அலுவலகத்துக்கும் சில உரிமைகள் உண்டு. மருத்துவச் சான்றிதழ் எடுத்த நாளில் மலையேறிய படம் போட்டால் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். நிறுவனச் சீருடையிலும், வாடிக்கையாளர் பின்னால் தெரியும்படியும் படம் எடுப்பது கூடாது. 'முன்பு, பின்பு' என்று இரண்டு படத்தை ஒட்டி, மெலிவதற்கான மாவுப் பொட்டலத்தைச் சக ஊழியர் தலையில் கட்டுகிறவர்களை மேலாளர் கண்டித்தால் நானும் அவர் பக்கம்தான். ஆனால் விடிகாலை ஆறு மணிக்குச் சொந்தக் காலில் ஓடிவிட்டு, எட்டு மணிக்கு வேலையில் உட்கார்ந்தவளிடம் அலுவலகத்துக்கு என்ன பாத்தியதை?

நான் அழிக்கவில்லை. பயிற்சி முடிந்து மதிப்பீட்டுப் பாரம் வந்தது. நேரந்தவறாமைக்கு ஐந்துக்கு ஐந்து. கொடுத்த வேலையை முடிப்பதற்கும் அப்படியே. 'தோற்றமும் நன்னடத்தையும்' என்ற கட்டத்தில் மூன்று. பக்கத்தில் காரணம் எழுத இரண்டு வரி இடமிருந்தது, காலியாக இருந்தது. அந்த மூன்று என் ஓட்டத்துக்காகவா, வேறு எதற்காகவா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் வழியில்லை. இந்த வகைப் பயம் இப்படித்தான் வேலை செய்கிறது. ஒருவரும் வாய்திறந்து தடுக்கமாட்டார்கள். காலியாக விட்ட இரண்டு வரியைப் பார்த்து, அடுத்து வரும் பெண் தானாகவே தன் பக்கத்தைப் பூட்டிக்கொள்வாள்.

இவ்விதழ் பழைய மாணவர்கள் கைக்கும் வருகிறது. உங்களில் பலர் இன்று அதே பாரத்தை நிரப்பும் நாற்காலியில் இருக்கிறீர்கள். அண்ணன்மாரே, அக்காமாரே, அடுத்த ஆண்டு எங்கள் தம்பி தங்கைகள் உங்களிடம் பயிற்சிக்கு வருவார்கள். ஐந்துக்கு மூன்று போடுவதானால் போடுங்கள். அந்த இரண்டு வரியையும் தயவுசெய்து எழுதிவிடுங்கள்.