மூக்கு ஆபரேஷன்: பயமும் வேண்டாம், அவசரமும் வேண்டாம்

“மூக்கில் ஆபரேஷன் செய்தாலும் சதை திரும்பத் திரும்ப வளரும். செய்யாமல் இருப்பதே மேல்!”

இந்தப் பேச்சைக் கேட்காத குடும்பம் இல்லை. மூக்கடைப்பும் தலைபாரமுமாக வருஷக் கணக்கில் அவதிப்படுகிறவர் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டால், வாசற்படியிலேயே யாராவது இதைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அவரும் திரும்பி வந்து நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கிறார்.

இது முழுப் பொய் அல்ல. ஒரு காலத்தில் இதில் நிறைய உண்மை இருந்தது. ஏன் அப்படி இருந்தது? இப்போது என்ன மாறியிருக்கிறது? அதைத் தெரிந்துகொண்டால் பயம் பாதி குறையும்.

நம் முகத்து எலும்புகளுக்குள் காற்று அறைகள் இருக்கின்றன. நெற்றியில், கன்னங்களில், இரு கண்களுக்கும் நடுவில், மூக்கின் பின்கோடியில் என்று நான்கு ஜோடி. இவற்றுக்குத்தான் சைனஸ் என்று பெயர். “எனக்கு சைனஸ் இருக்கிறது” என்று பலர் கவலையோடு சொல்கிறார்கள். சைனஸ் எல்லோருக்கும் இருக்கிறது! அது வீங்கிச் சீழ் பிடித்தால்தான் வியாதி. நம் பாட்டிமார் அதைப் பீனிசம் என்றார்கள்.

இந்த அறைகளின் உட்புறத்தில் மெல்லிய சவ்வு உண்டு. அதில் சளி ஊறும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிரிழைகள் அந்தச் சளியை ஓயாமல் பெருக்கித் தள்ளும். ஒவ்வோர் அறையிலிருந்தும் மூக்குக்குள் சிறிய வழி இருக்கிறது. சளி அதன் வழியே வெளியேறுகிறது. ஜலதோஷத்தால் அந்த வாசல் வீங்கி அடைத்துக்கொண்டால் சளி தேங்கும். கிருமி பெருகும். கன்னம் வலிக்கும். குனிந்தால் தலை கனக்கும். அடுப்பில் குழம்பு தீய்ந்தால்கூட வாசனை தெரியாது.

பழைய ஆபரேஷன்

கன்ன அறையில் சீழ் பிடித்தால் என்ன செய்வது? 1893-ல் நியூயார்க் டாக்டர் கால்ட்வெல் ஒரு முறையை எழுதினார். 1897-ல் பாரிஸ் டாக்டர் லூக் அதே முறையைச் சொன்னார். மேலுதட்டைத் தூக்கி, ஈறுக்கு மேலே கீறி, எலும்பில் துளை போட்டு, கெட்டுப்போன சவ்வைச் சுரண்டி எடுக்க வேண்டும். பிறகு மூக்கின் அடிப்பக்கத்தில் புதிதாக ஒரு வழி வெட்ட வேண்டும். தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடுவதுபோலச் சளியும் வடிந்துவிடும் என்று எண்ணினார்கள். பல பத்தாண்டுகள் உலகம் முழுவதும் இதுதான் நடந்தது. முகம் வீங்கும். சிலருக்குக் கன்னமும் பல்லும் மரத்துப்போகும்.

ஆனால் சளி பள்ளத்தை நோக்கி ஓடவில்லை!

கன்ன அறையின் இயற்கையான வாசல் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. மயிரிழைகள் அந்த வாசலை நோக்கியே சளியை ஏற்றிக்கொண்டு போகின்றன. கீழே எவ்வளவு பெரிய வழி வெட்டி வைத்தாலும், சளி அதை ஒதுக்கிவிட்டுப் பழைய வாசலைத் தேடிப் போகிறது. அந்த வாசல் அடைத்தே கிடந்தால் வியாதி எப்படிப் போகும்?

ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்து டாக்டர் மெஸ்ஸர்கிளிங்கர் சளி ஓடும் பாதைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். இதற்கிடையில் ஹாப்கின்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, உடம்புக்குள் தெளிவாகப் பார்க்க உதவும் கண்ணாடிக் கோல் குழலைக் கண்டுபிடித்தார். அதனால் மூக்கின் உள்மூலைகளைக் கண்ணால் பார்க்க முடிந்தது. பழைய வாசலைத் திறந்துவிட்டாலே போதும் என்ற முடிவுக்கு வந்தார்கள். 1980-களில் இந்த முறை பல நாடுகளுக்கும் பரவியது.

இதில் முகத்தில் காயம் இல்லை. மயக்க மருந்து கொடுத்து, மூக்குத் துவாரம் வழியாகவே எண்டோஸ்கோப் குழலை விட்டு, அடைப்பை எடுக்கிறார்கள். நல்ல சவ்வைத் தொடுவதில்லை. வாசல் திறந்ததும், வீங்கிக் கிடந்த உட்சவ்வு பெரும்பாலும் தானாகவே தேறிவிடுகிறது. மூக்கின் நடுத்தண்டு வளைந்து வழியை மறைத்தால் அதையும் கூடவே நேராக்குவார்கள்.

அப்படியானால் சதை திரும்ப வளராதா? சிலருக்கு வளரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அதிகம். ஆபரேஷன் வழியைத்தான் திறக்கும். அலர்ஜியை வெட்டி எடுக்காது. பிறகும் மூக்கில் மருந்து அடிக்க வேண்டும். உப்பு நீரால் கழுவ வேண்டும். டாக்டர் சொன்ன நாளில் போய்க் காட்ட வேண்டும். இதை ஆபரேஷனுக்கு முன்பே நோயாளிக்குப் புரியும்படி சொல்வது டாக்டரின் கடமை. சொல்லாமல் விடுவதால்தான் “செய்தும் பிரயோஜனம் இல்லை” என்ற பேச்சு இன்னும் உலவுகிறது.

மூக்கு அடைத்தவுடன் கத்தியைத் தேடி ஓடவும் வேண்டாம். சாதாரண ஜலதோஷம் பத்து நாளில் தீரும். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட வியாதி என்று பெயர். அதற்கும் முதலில் மருந்துதான். மருந்து பலிக்காதபோது சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தே ஆபரேஷனை முடிவு செய்ய வேண்டும். கண்ணுக்கும் இந்த அறைகளுக்கும் இடையே உள்ள எலும்பு காகிதம் போல மெல்லியது. மேலே மூளை. பழகிய கையும் ஸ்கேன் படமும் இல்லாமல் இதில் இறங்கக் கூடாது. சைனஸ் தலைவலி என்று பலர் நினைப்பது ஒற்றைத் தலைவலியாக இருப்பதும் உண்டு. அதற்கு மூக்கில் ஆபரேஷன் செய்து என்ன பயன்?

இன்னொன்று. கடையில் வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை நாலைந்து நாளுக்கு மேல் போடாதீர்கள். பிறகு அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும்.

தாமதிக்கக் கூடாதவர்களும் உண்டு. கண் வீங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 2021-ல் கொரோனா வந்து போனவர்களைக் கருப்புப் பூஞ்சை நோய் தாக்கியதே, நினைவிருக்கிறதா? சர்க்கரை நோயாளிகள் மிகவும் பாதிக்கப்பட்டார்கள். சைனஸில் பிடித்து, கண்ணுக்கும் மூளைக்கும் பரவிய நோய் அது. சீக்கிரம் ஆபரேஷன் செய்து அழுகிய சதையை அகற்றியதால் பிழைத்தவர்கள் பலர். பெரியவர்களுக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் அடைப்பும் ரத்தமும் வந்தால் அலட்சியம் கூடாது. குழந்தைக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால், உள்ளே புளியங்கொட்டையோ பாசிமணியோ இருக்கலாம். வீட்டில் ஊக்கை விட்டு நோண்டாதீர்கள். டாக்டர் எடுத்துவிடுவார்.

உப்பு நீரால் மூக்கு கழுவுகிறவர்கள் குழாய்த் தண்ணீரை அப்படியே விடக் கூடாது. அதில் மூளையைத் தாக்கும் அமீபா இருக்கக்கூடும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் உப்பைக் கரைத்து, கழுவிய பாத்திரத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.