போர்ட்ரெய்ட் பட்டறையா? முதல்ல நீங்க உட்காருங்க!

மக்களே, மூணு நாள் போர்ட்ரெய்ட் பட்டறைன்னு எங்க விளம்பரம் பார்த்தாலும் எனக்கு ஒரே கேள்விதான். அந்த மூணு நாள் எதுக்கு?

அபர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ எல்லாம் யூட்யூப்ல ஒரு மதியத்துல கத்துக்கலாம். கண்ணைத் தேடிப் பிடிச்சு ஃபோகஸ் பண்றதை இப்ப வர்ற மிரர்லெஸ் கேமராவே செஞ்சிடுது. பின்னணியை மங்கலாக்க போனே போதும். வாரம் பூரா பொட்டி தட்டிட்டு, சனி ஞாயிறுல நண்பர் நடத்தற பட்டறையில பாடம் எடுக்கறவன் நான். என் பொழப்புல நானே மண்ணள்ளிப் போட்டுக்கறேன்னு நினைக்காதீங்க :-)

வழக்கமான டெம்ப்ளேட் இதுதான். முதல் நாள் தியரி. ரெண்டாம் நாள் வாடகை மாடல். மூணாம் நாள் விடியக்காலை காசிமேடு.

மாடல் தொழில் தெரிஞ்சவர். தாடையை எவ்ளோ தூக்கணும், கையை எங்க வைக்கணும்னு அவருக்கே அத்துப்படி. பதினஞ்சு பேர் சுத்தி நின்னு சுட்டா பதினஞ்சு பேருக்கும் நல்ல படம் வரும். ஆனா அது அவரோட திறமை. மறுநாள் சொந்த அத்தையை உட்கார வச்சு எடுங்க, பாஸ்போர்ட் போட்டோ மாதிரி விறைப்பா வரும்.

காசிமேடு மேட்டர் இன்னும் மோசம். வலை பின்னிட்டு இருக்கற பெரியவர் மூஞ்சிக்கு நேரா பதினஞ்சு லென்ஸ். சுருக்கம் நல்லா தெரியணும்னு கான்ட்ராஸ்டை ஏத்தி, கருப்பு வெள்ளையாக்கி, 'வாழ்க்கை'ன்னு தலைப்பு. அவர் பேரென்னன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது.

டோரதியா லாங்கே 1936-ல கலிஃபோர்னியாவுல எடுத்த 'மைக்ரன்ட் மதர்' உலகத்துக்கே தெரிஞ்ச படம். அதுல இருக்கறவங்க ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன்னு உலகத்துக்குத் தெரிய 1978 ஆச்சு. எடுத்தப்ப லாங்கே பேர் கேக்கலை. அவ்ளோ பெரிய படத்துக்கே இந்தக் கதின்னா நம்ம படங்களைப் பத்தி என்ன சொல்ல?

பட்டறைகள்ல விரும்பிச் சொல்ற இன்னொரு கதை, 1941-ல யூசுஃப் கார்ஷ் சர்ச்சில் வாயிலேர்ந்து சுருட்டைப் பிடுங்கினது. சர்ச்சில் பிரதமர், பிடிக்கலைன்னா எழுந்து போயிருக்கலாம். பூக்காரம்மா கடையை விட்டுட்டு எங்க போவாங்க?

அதனால என் திட்டம் இது.

முதல் நாள்: மாடலே வேணாம். ஆளுக்கு ஒரு ஜோடி. பக்கவாட்டுல ஜன்னல், எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை தெர்மோகோல் அட்டை. இருபது நிமிஷம் உட்காரணும், கடைசி அஞ்சு நிமிஷம்தான் கேமரா. ரெண்டு அடியில நின்னு எடுத்தா மூக்கு பெருசாகும், ஆறு அடி தள்ளி நின்னா சரியாகும். லென்ஸ் இல்ல, தூரம்தான் காரணம்னு அங்கயே புரிஞ்சிடும். கையை எங்க வைக்கறதுன்னு தெரியாம தவிச்சவன், அடுத்தவனை 'சும்மா இயல்பா இருங்க'ன்னு சொல்லவே மாட்டான்.

ரெண்டாம் நாள்: அதே ஆள், வேற வெளிச்சம். சாயங்காலம் எடுத்தவர் ஒரு படம் தேர்ந்தெடுக்கணும், படத்துல இருக்கறவர் ஒண்ணு. பெரும்பாலும் ரெண்டும் ஒத்துப்போகாது. ஏன்னு பேசறதுதான் அன்னிக்குப் பாடம்.

மூணாம் நாள்: வெளிய போகலாம், கும்பலா வேணாம். ஒருத்தர், ஒருத்தரை. பேர் கேளுங்க, அனுமதி கேளுங்க. 'வேணாம்'னா நன்றி சொல்லிட்டு நகருங்க. படம் எடுத்தா ஒரு பிரின்ட் போட்டு அவங்க கையில கொடுத்துட்டு வாங்க.

'காசு கட்டி வந்தவன் போர்ட்ஃபோலியோவுக்குப் படம் கேப்பானே'ன்னு நண்பர் கேட்டார். நியாயம்தான், மாடல் படம் அளவுக்குப் பளபளப்பு இருக்காது. ஆனா அத்தையை ஒழுங்கா எடுக்கத் தெரியும். 'என்னைப் படம் எடுக்காதீங்க, கூச்சமா இருக்கு'ன்னு சொல்றவங்களும் வருவாங்க. வற்புறுத்தக் கூடாது. மறுப்பை மதிக்க மத்தவங்க பழகறதுக்கு அதைவிட நல்ல இடம் ஏது?

அடுத்த தடவை எதுலயாவது சேரப் போறீங்கன்னா, எந்த லென்ஸ் கொண்டு வரணும்னு அப்புறம் விசாரிச்சுக்கலாம். 'மூணு நாள்ல நான் எத்தனை தடவை கேமரா முன்னாடி உட்காரணும்?'னு முதல்ல கேளுங்க. 'ஒரு தடவைகூட இல்ல'ன்னு பதில் வந்தா, அந்தக் காசுக்கு ஒரு 50 எம்எம் வாங்கிட்டு, வீட்டு ஜன்னலோரமா அம்மாவை உட்கார வைங்க.