அலமாரியிலுள்ள நூல் போதும்



வீடு சந்திக்க வருகையில் உங்களில் சிலர், பாதியில் நின்ற கிராஸ் ஸ்டிச் வேலைகளை வெட்கத்துடன் எனக்குக் காட்டியிருக்கிறீர்கள். மகளின் திருமணத்திற்கென்று தொடங்கிய வசனப் படம் ஒன்று. இன்று அவளுடைய பிள்ளை பள்ளிக்குப் போகிறது. இதற்கிடையில் புதிய துணியும் நூலும் வாங்கியாயிற்று.

யாத்திராகமம் 36ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். ஆசரிப்புக் கூடார வேலைக்கென்று ஜனங்கள் காலைதோறும் காணிக்கை கொண்டுவந்தார்கள். அது தேவைக்கும் அதிகமாயிற்று. அப்பொழுது மோசே, இனி ஒன்றும் கொண்டுவர வேண்டாமென்று பாளயமெங்கும் கூறுவித்தார். கொடுத்தவர்களைக் குறித்து நாங்கள் பிரசங்கிக்கிறோம். நிறுத்தச் சொன்ன மோசேயைக் குறித்து அதிகம் பேசுவதில்லை. (காணிக்கை எடுக்கிற எங்களுக்கு அது சற்று சங்கடந்தான்.) அந்த அறிவிப்புக்குப் பின்பே திரைகள் உருவான விவரம் வருகிறது.

ஆகையால், இவ்வாண்டு புதிது வாங்குவதை நிறுத்துங்கள் என்பதே என் கருத்து. பழையவற்றுள் ஒன்றை எடுங்கள். மாதிரித் தாளின் தடித்த கோடுகளுக்குள் அடங்கும் பத்துக்குப் பத்துக் கட்டத்தில் 100 தையல்கள். ஒரு மாலைக்கு அது போதும். மனம் ஒட்டாத வேலையை நூலோடும் ஊசியோடும், தையல் கற்றுக்கொள்ளும் வாலிபப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். அதில் குற்றவுணர்வு வேண்டாம்.

அந்த வசனப் படத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஓரத்தில் பேரப்பிள்ளையின் பெயருக்கும் இடமிருக்கிறது.