மன்னாரின் முதல் எம்.பி.யை எங்கே போய்ப் பார்ப்பது?

மன்னாருக்கு ஆரும் சுற்றுலா வந்தால் நாங்கள் காட்டுற கல்லறை ஆதாம் ஏவாளுடையது. நாற்பது அடி நீளம் எண்டுவினம். பிறகு பள்ளிமுனைப் பெருக்குமரத்தடியில ஒரு செல்ஃபி, முடிஞ்சுது. சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் மன்னார் எம்.பி. ஒருவர் இருந்தார் எண்ட கதை மட்டும் வராது.

அவர் கதிரவேலு சிற்றம்பலம். சிவில் சேவையில் இருந்தவர். 1947இல் சுயேச்சையாக நின்று வென்றார், டி.எஸ். சேனநாயக்க அவரைத் தபால், தொலைத்தொடர்பு அமைச்சராக்கினார். அந்த அமைச்சரவையின் மற்றத் தமிழர் வவுனியா சுந்தரலிங்கம். ரெண்டுமே வன்னித் தொகுதிகள். (யாழ்ப்பாணத்தை மட்டும் வைச்சுத் தமிழர் அரசியல் கதைக்கிறவை இதைக் கவனிக்கோணும்.)

அமெரிக்காவில் குடியரசை உருவாக்கின காலத்துச் சின்னத் தலைவர்களின்ர கல்லறைகளையும் தேடிப் போய்ப் பார்க்கிற ஆக்கள் இருக்கினம். எங்கட சைவ வழக்கில எரிச்சுச் சாம்பலைக் கடலில கரைச்சால் சரி. அதனால்தான் அரசியல்வாதிக்குச் சிலை கேட்கிறம். சிலை புகழும், கேள்வி கேட்காது.

சிற்றம்பலத்திடம் கேட்க ஒரு கேள்வி இருக்கு. 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் ஏறத்தாழ 7 லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. அந்த வருச முடிவிலயே சுந்தரலிங்கம் அமைச்சரவையை விட்டு வெளியேறினார். சிற்றம்பலம் இருந்தார். உள்ளே இருந்தால்தான் ஊருக்கு ஏதும் செய்யலாம் எண்டு அவருக்காக வாதாடலாம். இண்டைக்கும் அரசாங்கத்தோட சேருற ஒவ்வொரு தமிழ் எம்.பி.யும் சொல்ற நியாயம் அதுதான். எனக்கு அது போதாது. 1956இல் மன்னார் தொகுதி தமிழரசுக் கட்சியின் அழகக்கோனிடம் போனது.

சிற்றம்பலம் 1964இல் காலமானார். அதே வருசம் ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. மலையகத்திலிருந்து ரயிலில் வந்து குடும்பம் குடும்பமாகக் கப்பலேறினது எங்கே? தலைமன்னார் இறங்குதுறையில. அவர்ட பழைய தொகுதியில.

அவரை நினைக்கிறதெண்டால் நான் அங்கேதான் போகச் சொல்லுவன். 2015இல் ரயில் திரும்ப ஓடத் தொடங்கினது; கடைசி ஸ்டேசனில் இறங்கினால் பழைய இறங்குதுறை கிட்டத்தான். 2023இல் மலையகத்தின் 200 வருசத்தை நினைச்சு மாத்தளை மட்டும் நடந்தவையும் தலைமன்னாரிலிருந்துதான் வெளிக்கிட்டவை. அந்த இறங்குதுறையில ஒரு பலகை வைக்கிறதெண்டால், அமைச்சரின்ர பேரோட, அவர் விலகாமல் இருந்த வருசத்தையும் எழுதோணும்.