துருத்தியின் மகிமையும் அறிவின் வேலையும்

மோட்டார் வண்டிகளின் மீது பித்துக் கொண்ட அன்பர்கள் நாலு பேர் ஓரிடத்தில் கூடினால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் "சூப்பர்சார்ஜர்" என்னும் யந்திரத்தில் வந்து நிற்கின்றது. அதற்கு அடுத்தபடி ஆகாய விமானம். இந்தப் பாகம் விமானத்திலிருந்து வந்தது என்றும், அந்த உலோகம் விமானத்திற்கென்றே செய்தது என்றும், இன்ன வண்டியின் யந்திரம் போடும் சப்தத்தைக் கேட்டால் மயிர்க்கூச்செறிகின்றது என்றும் அவர்கள் பேசுகின்றபோது அவர்களுடைய முகத்தைப் பார்த்தால், தேர்வடத்தைப் பிடித்து நிற்கின்ற பக்தர்களின் முகத்திற்கும் அதற்கும் நம்மால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

யந்திரத்தின் மீது மனிதன் ஆசை வைப்பதில் நமக்கு ஆட்சேபணை ஒன்றும் இல்லை. மனிதன் தன் அறிவினால் செய்த ஒன்றைக் கண்டு மனிதன் பூரித்துப் போவது நியாயமேயாகும். ஆனால் அந்த யந்திரம் என்ன செய்கின்றது, எப்படிச் செய்கின்றது, அதற்கு நம்மிடம் என்ன விலை வாங்குகின்றது என்று கேளாமல், பெயரைக் கேட்ட மாத்திரத்தில் கன்னத்தில் போட்டுக் கொள்ளுவதைத்தான் நாம் ஆட்சேபிக்கின்றோம். கல்லுக்கு முன் அறிவை அடகு வைத்தாலும் இரும்புக்கு முன் அடகு வைத்தாலும் அடகு அடகுதான் அல்லவா?

முதலாவது இந்த சூப்பர்சார்ஜர் என்பது என்ன? கொல்லன் பட்டறையில் துருத்தி ஊதுவதை யாவரும் பார்த்திருக்கலாம். கரி எவ்வளவு இருந்தாலும் காற்று இல்லாவிட்டால் நெருப்பு ஏறாது. மோட்டார் யந்திரத்தின் சங்கதியும் அதுவே. ஒரு பவுண்டு பெட்ரோல் முழுவதும் எரிய வேண்டுமானால் ஏறக்குறைய 15 பவுண்டு காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றி விடலாம். காற்றோ, யந்திரம் தானாக எவ்வளவு இழுக்குமோ அவ்வளவுதான் உள்ளே போகும். அதற்கு மேலும் காற்றைத் திணிப்பதற்காக வைத்த துருத்திதான் சூப்பர்சார்ஜர். யந்திரமே பல்சக்கரத்தாலோ பெல்ட்டாலோ அதைச் சுழற்றினால் அதற்குச் சூப்பர்சார்ஜர் என்று பெயர். வெளியே போகின்ற புகையின் வேகத்தைக் கொண்டு சுழற்றினால் டர்போ என்று பெயர். இவ்வளவுதான் ரகசியம். இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

இந்தத் துருத்தியின் பிறப்பு வளர்ப்பைப் பார்த்தால் அது மிகவும் வேடிக்கையானது. அமெரிக்காவில் இந்தியானா மாகாணத்தில் ரூட்ஸ் என்னும் பெயருடைய இரண்டு சகோதரர்கள் 1860-ம் வருஷத்தில் ஒரு காற்றூதும் யந்திரத்திற்கு உரிமைப் பத்திரம் பெற்றார்கள். அது இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊதவும், சுரங்கங்களுக்குள் காற்று அனுப்பவும் பயன்பட்டது. அந்த மாதிரியான துருத்தியையே பிற்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார், 1938-ல் தொடங்கி, பஸ்ஸுக்கும் லாரிக்கும் செய்த டீசல் யந்திரங்களில் வைத்தார்கள். இரண்டாவது உலக யுத்தத்திற்குப் பின் அமெரிக்க வாலிபர்கள் அந்த டீசல் யந்திரத் துருத்திகளைக் கழற்றிக் கொண்டு வந்து தங்கள் பந்தய வண்டிகளின் தலைமேல் ஏற்றினார்கள். இன்றைக்கு விமானத்தின் வாரிசு என்று நினைத்து அன்பர்கள் வியந்து பார்க்கும் அந்தப் பெரிய துருத்தி, உலைக்களத்தில் பிறந்து லாரியில் வளர்ந்ததேயாகும். அது எந்த இடத்தில் பிறந்தது என்று கேட்டு யாரும் அதைத் தள்ளி வைக்கவில்லை. என்ன வேலை செய்யும் என்றுதான் கேட்டார்கள். யந்திரத்தினிடம் கேட்கத் தெரிந்த இந்த ஒரு கேள்வியை மனிதனிடமும் கேட்கத் தெரிந்திருந்தால் உலகம் எவ்வளவோ முன்னேறி இருக்கும்.

நிற்க, விமானத்திற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா என்றால், உண்டு. மேலே போகப் போகக் காற்று மெலிந்து கொண்டே போகின்றது. சுமார் 18,000 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் தரையில் இருப்பதில் பாதிதான். ஆகவே கீழே யானை பலத்தோடு இருக்கும் யந்திரம் மேலே போனதும் மூச்சுத் திணறிப் போகின்றது. இதற்குப் பரிகாரமாக அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த சான்ஃபோர்டு மாஸ் என்னும் நிபுணர், புகையினால் சுழலும் துருத்தி ஒன்றைச் செய்தார். செய்துவிட்டு, "நான் படித்தவன், நம்புங்கள்" என்று சொல்லி உட்கார்ந்து கொள்ளவில்லை. 1918-ல் லிபர்ட்டி என்னும் விமான யந்திரத்தை ஒரு லாரியில் ஏற்றி, கொலராடோவில் 14,000 அடிக்கு மேற்பட்ட பைக்ஸ் பீக் என்னும் மலையின் உச்சிக்கே கொண்டு போய் அங்கே ஓட்டிப் பார்த்தார். சமவெளியில் சுமார் 350 குதிரைச் சக்தி கொடுத்த அந்த யந்திரம், மலையுச்சியில் துருத்தி இல்லாமல் 230-க்கு இறங்கி விட்டது. துருத்தியை வைத்த பின் 356 கொடுத்தது. மலை உச்சிக்குப் போகின்றவர்கள் உலகத்தில் அநேகம் பேர் உண்டு. அளந்து பார்ப்பதற்காகப் போனவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி, இந்தத் துருத்தி சும்மா சக்தியைக் கொடுக்கின்றதா என்று பார்ப்போம். கொடுப்பதே இல்லை. ஸ்பிட்ஃபயர் முதலிய விமானங்களை ஓட்டிய ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் யந்திரத்தில் இருந்த ஒற்றைத் துருத்தியைச் சுழற்றுவதற்கு மாத்திரம் சுமார் 150 குதிரைச் சக்தி செலவாயிற்று. அதற்குப் பதிலாகச் சுமார் 400 அதிகமாகக் கிடைத்தது. மிச்சம் 250. செட்டியார் கணக்கு மாதிரி வரவும் செலவும் நேருக்கு நேர் நிற்கின்றன. அதோடு, காற்றை அழுத்தினால் அது சூடாகும். சூடு மிஞ்சினால் பெட்ரோல் நேரத்திற்கு முன்பே வெடித்து யந்திரத்தை உடைக்கும். இதற்காகவே 1940-ல் பிரிட்டிஷார் மெர்லினுக்கு 100 ஆக்டேன் என்னும் உயர்ந்த பெட்ரோலைக் கொடுக்க வேண்டியிருந்தது.

இந்தக் கணக்குத் தெரியாதவர்களை நம்பித்தான் ஒரு வியாபாரம் நடக்கின்றது. வண்டியின் காற்றுக் குழாயில் ஒரு சிறு மின்சார விசிறியைச் செருகி, அதற்கு "மின்சார சூப்பர்சார்ஜர்" என்று பெயர் வைத்து விற்கின்றார்கள். உண்மையான மின்சாரத் துருத்தி இல்லாமல் இல்லை. ஆடி கம்பெனியார் 2016-ல் எஸ்க்யூ7 என்னும் வண்டியில் ஒன்று வைத்தார்கள். அதற்கு 48 வோல்ட்டில் தனி மின்சார ஏற்பாடும், 7 கிலோவாட் வரைக்கும், அதாவது ஒன்பது குதிரைச் சக்திக்கு மேலும், தேவையாயிருந்தது. அதுவும் டர்போ வேகம் பிடிக்கும் வரைக்கும் கைகொடுப்பதற்காகத்தான். அப்படியிருக்க, அரைக் குதிரைச் சக்தியும் இல்லாத விசிறி என்ன திணிக்கும்? தாயத்துக் கட்டினால் பிள்ளை பிறக்கும் என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"விமானத் தரம்" என்று சொல்லி விற்கின்ற அலுமினியத்தின் கதியும் இதுதான். அப்படி ஒரே ஒரு தரம் உலகத்தில் கிடையாது. அலுமினியத்தோடு என்னென்ன சேர்ந்திருக்கின்றது, எவ்வளவு சேர்ந்திருக்கின்றது, எப்படிச் சூடேற்றிப் பதப்படுத்தியிருக்கின்றது என்பதற்கு ஒவ்வொரு எண் உண்டு. 6061 என்னும் எண்ணுள்ள கலவை விமானத்திலும் இருக்கும், சைக்கிளிலும் இருக்கும். எண்ணைக் கேட்பவன் வாங்குபவன். பெயரைக் கேட்டு மயங்குபவன் ஏமாறுபவன்.

இதற்கு மற்றோர் உதாரணம் சொல்லுவோம். சூப்பர்சார்ஜர் பக்தர்களுக்கு மூலவர் போன்றது பென்ட்லி "புளோயர்" என்னும் வண்டி. நாலரை லிட்டர் பென்ட்லி வண்டியின் முகப்பில் ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் என்பவர் செய்த துருத்தியைப் பொருத்தியது அது. அதை விரும்பியவர் டிம் பர்க்கின் என்னும் பந்தய வீரர். வேண்டாம் என்றவர் வண்டியைச் செய்த டபிள்யூ. ஓ. பென்ட்லியேயாவார். அவர் விமான யந்திரமும் செய்தவர். மோட்டாரில் தாம் கண்ட அலுமினியப் பிஸ்டனை முதல் யுத்த காலத்தில் விமான யந்திரத்திற்குக் கொண்டு போனவர். முடிவு என்ன ஆயிற்று? 1930-ம் வருஷத்து லெ மான் பந்தயத்தில் இறங்கிய புளோயர் வண்டிகள் இரண்டும் நடுவில் நின்று போயின. துருத்தி வைத்த பெரிய மெர்ஸிடிஸும் நின்று போயிற்று. முதலாவதும் இரண்டாவதும் வந்தவை துருத்தியே இல்லாத பென்ட்லி "ஸ்பீட் சிக்ஸ்" வண்டிகள். அப்படியிருந்தும் தோற்றதைத்தான் அன்பர்கள் கும்பிடுகின்றார்கள். பர்க்கினுடைய புளோயர் வண்டி ஒன்று 2012-ல் ஐம்பது லட்சம் பவுனுக்கு மேல் ஏலம் போயிற்று!

அப்படியானால் துருத்தி கெட்டதா என்று சிலர் கேட்கலாம். இல்லை. மறு வருஷமாகிய 1931-ல் அதே பர்க்கின், ஹோ பிரபுவோடு சேர்ந்து, துருத்தி வைத்த ஆல்ஃபா ரோமியோ வண்டியில் அதே லெ மான் பந்தயத்தை ஜெயித்தார். ஏனெனில் அந்த வண்டியை விட்டோரியோ யானோ என்பவர் ஆரம்பத்திலிருந்தே துருத்திக்கென்று கணக்குப் போட்டுச் செய்திருந்தார். ஆகவே நல்லதும் கெட்டதும் பொருளில் இல்லை, பொருத்தத்தில் இருக்கின்றது. பொருத்தத்தைக் கண்டுபிடிப்பது பக்தி அல்ல, அறிவுதான்.

சக்தி ஒன்றே போதும் என்று எண்ணுகின்றவர்களுக்கு இன்னொரு விஷயம். பாரி-தாமஸ் என்பவர் சிறந்த மோட்டார் நிபுணர். மாஸ் மலைமேல் சோதித்த அதே லிபர்ட்டி ஜாதி யந்திரம், 27 லிட்டர் கொள்ளளவுள்ளது, பொருத்திய "பாப்ஸ்" என்னும் வண்டியில் 1926-ல் உலக வேக ரிக்கார்டு செய்தவர். 1927 மார்ச்சில் வேல்ஸ் தேசத்துப் பெண்டைன் கடற்கரையில் அதே வண்டியில் மாண்டு போனார். அவ்வளவு தெரிந்தவருக்கே அப்படியானால், பிரேக்கையும் டயரையும் பழையபடியே விட்டுவிட்டுச் சக்தியை மாத்திரம் இரட்டிப்பாக்குகின்ற வாலிபர்கள், தங்களைப் பற்றி இல்லாவிட்டாலும் ரோட்டில் நடந்து போகின்றவர்களைப் பற்றியாவது யோசிக்க வேண்டாமா?

யந்திரத்தின் மீதுள்ள ஆசை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நாம் காட்டக்கூடிய ஆள் ஒருவர் உண்டு. அவர் ஒரு பெண். பியட்ரிஸ் ஷில்லிங் என்று பெயர்; 1909-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். சிறு பிராயத்திலேயே மோட்டார் சைக்கிள் பித்து. ஆனால் அவர் வேடிக்கை பார்த்துக் கொண்டு நிற்கவில்லை. பொறியியல் வகுப்பில் பெண்களைக் காண்பதே அரிதாயிருந்த காலத்தில் மான்செஸ்டரில் அதைப் படித்தார். தம்முடைய நார்ட்டன் சைக்கிளைத் தாமே பழுது பார்த்துத் திருத்தி, 1934-ல் புரூக்லண்ட்ஸ் பந்தய வட்டத்தை மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் சுற்றித் தங்க நட்சத்திரம் வாங்கினார். 1936-ல் ஃபார்ன்பரோவில் அரசாங்க விமான ஆராய்ச்சிச் சாலையில் சேர்ந்தார்.

1940-ல் யுத்தத்தில் ஒரு சங்கடம் நேர்ந்தது. பிரிட்டிஷ் விமானிகள் விமானத்தின் மூக்கைத் திடீரென்று கீழே அழுத்தினால் மெர்லின் யந்திரம் திக்கி நின்றது. கார்புரேட்டரில் பெட்ரோல் நிலைதவறி, பிறகு வெள்ளமாய்ப் பாய்ந்து யந்திரத்தைத் திணற வைத்ததே காரணம். ஜெர்மானிய யந்திரங்களில் பெட்ரோலை நேரே பீச்சும் ஏற்பாடு இருந்ததால் அவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. விமானிகள் உயிரைக் கையில் பிடித்துக் கொண்டிருந்தார்கள். ஷில்லிங் என்ன செய்தார்? யந்திரத்திற்கு அதிகபட்சம் எவ்வளவு பெட்ரோல் தேவையோ அவ்வளவு மாத்திரமே போகும்படி கணக்கிட்டு, நடுவில் துவாரமுள்ள ஒரு சிறு பித்தளைத் தட்டைச் செய்தார். துருத்தியின் அழுத்தம் எவ்வளவோ அதற்குத் தக்கபடி துவாரத்தின் அளவு. விமானத்தைப் பிரித்துப் போட வேண்டியதில்லை. 1941 மார்ச்சு முதல் அவரும் அவர் கூட்டத்தாரும் விமான நிலையம் நிலையமாகப் போய் அதை மாட்டினார்கள். அந்தத் தட்டு இன்றைக்கும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றது.

அதே காலத்தில் மெர்லினுடைய துருத்தியைத் திருத்தியவர் ஸ்டான்லி ஹூக்கர். அவர் யந்திரத் தொழிலில் பழகியவர் அல்ல, கணக்குப் படித்தவர். 1938-ல் வேலைக்கு வந்து, துருத்திக்குள் காற்றுப் போகும் வழியைக் கணக்கிட்டுப் பார்த்து, இருந்த அமைப்பு சரியில்லை என்று கண்டார். புகழ் பெற்ற கம்பெனி செய்தது சரியாய்த்தான் இருக்கும் என்று அவர் வாயை மூடிக் கொள்ளவும் இல்லை. புதிதாக வந்தவன் என்ன சொல்லுவது என்று கம்பெனி அவரைத் தள்ளிவிடவும் இல்லை. 1942-ல் இரண்டு அடுக்குத் துருத்தியோடு மெர்லின் வானத்தில் ஏறியதற்கு அதுதான் காரணம்.

ஆகவே மோட்டார்ப் பிரியர்களான வாலிபர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். உங்கள் ஆசையை விட்டுவிட வேண்டாம். அதைப் பாதி வழியில் நிறுத்தவும் வேண்டாம். விமானத்திலிருந்து ஒரு பாகத்தைக் கொண்டு வந்து வண்டியில் மாட்டிக் கொள்ளுவது பணமிருந்தால் யாருக்கும் முடியும். விமானத்தைச் செய்தவர்களிடமிருந்து எடுத்துக் கொள்ள வேண்டியது அவர்களுடைய பழக்கத்தை. யார் சொன்னாலும் அளந்து பார்ப்பது, கணக்கில் வராததை நம்பாதிருப்பது, தவறு என்று தெரிந்தால் ஒப்புக் கொண்டு திருத்துவது, சொன்னவர் ஆணா பெண்ணா, பழையவரா புதியவரா என்று பாராமல் சொன்னது சரியா என்று மாத்திரம் பார்ப்பது என்பவையே அந்தப் பழக்கம். அடுத்த தடவை யாராவது ஒரு யந்திரத்தின் மூடியைத் திறந்து காட்டி "ஆகா" என்றால், நீங்களும் "ஆகா" என்று சொல்லுங்கள். சொன்ன பிறகு, "இது எப்படி வேலை செய்கின்றது?" என்று கேளுங்கள். பதில் வந்தால் நீங்கள் அறிவு பெற்றீர்கள். பதில் வராவிட்டால், திறந்து காட்டியவருடைய யோக்கியதை உங்களுக்குத் தெரிந்து போகும்.